கூம்பின் உட்புறம்

மெரிபேங்க் எண்ணெய் ஆலையில்
இருபத்தொன்பது வருடம் துரு தேடியவன் நான்.
குழாய்ச் சுவரில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்
என்று எழுதிக் கையெழுத்திடுவது வேலை.
டர்பன் கடற்காற்று இரவில் தின்றுபோனதைக்
காலையில் கணக்கெடுப்போம்.
வெயில் படும் இடத்தில் துரு பொய் சொல்லாது.
பட்டைக்கு அடியில், போல்ட் தலைக்கு அடியில்,
இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று
நம்பி ஒட்டியிருக்கும் இடத்தில்தான்.

நேற்றுவரை என் இடுப்பில் இருந்தது
இன்று மூடி போட்ட டப்பாவில்,
சிறுநீர் பிடிக்கக் கொடுப்பார்களே, அதே டப்பா.
வேண்டாமென்றால் எறிந்துவிடலாம் என்றார் டாக்டர் சிபியா.
வேண்டும் என்றேன்.
லோகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பந்து இன்னும் கண்ணாடிதான்.
பதினோரு வருடம் என்னைச் சுமந்த பிறகும்
ஜன்னலைக் காட்டியது,
ஜன்னலில் வரிசை நின்ற கப்பல்களைக் காட்டியது,
என் மூக்கைக் கொஞ்சம் பெரிதாகவே.
விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்ததும்
இந்தப் பக்கத்தைத்தான்.

கவிழ்த்தேன்.
கழுத்து நுழையும் துளை.
கழுத்தில் கடைசல் எந்திரம் விட்டுப்போன திருகு வரிகள்
துளைச் சுவரில் அப்படியே அச்சுப் பதிந்து,
பள்ளமெல்லாம் கறுப்பு.
விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன்.
பழக்கம்.

உலோகத்துக்கும் தோல் உண்டு,
உரிந்தால் தானே வளரும் தோல்.
நான் வைத்த ஒவ்வோர் அடிக்கும்
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு அசைந்து
வரியின் முகடு அதை உரித்திருக்கிறது.
வளர்ந்திருக்கிறது. உரித்திருக்கிறது.
பென்ஷன் வரிசைக்கு, மீன் வாங்க,
மகள் கல்யாணத்தில் எண்ணூறு பேரைக்
கைகூப்பி வரவேற்க நடந்த அன்று முழுவதும்.
பள்ளத்தில் தேங்கிய உப்புநீர்
என்னுடையது.
நான் கடலை வெளியே தேடிக்கொண்டிருந்தேன்.

வாயில் சில்லறைக் காசின் ருசி வந்தபோது
குழம்பில் புளி அதிகம் என்று சண்டை போட்டேன்.
ஆறு மாதம்.
ரத்தத்தில் கோபால்ட் என்று சீட்டு வந்த அன்று
ஒன்றும் சொல்லாமல்
இரண்டாம் முறை குழம்பு கேட்டேன்.
அவளும் ஒன்றும் சொல்லாமல் ஊற்றினாள்.

தைப்பூசத்துக்கு நாக்கில் குத்திய அலகு
மதியத்துக்குள் வெளியே வந்துவிடும்.
விபூதி அப்பினால் வடுகூட இல்லை.
முருகன் குறுகிய ஒப்பந்தக்காரன்.

"புதுப் பந்து பீங்கான், கவலை வேண்டாம்."
"கழுத்து?"
"பழையதுதான். எலும்பு அதை விடவில்லை."
"வரிகளின் ஆழம் எத்தனை மைக்ரான்?"
டாக்டர் முதல்முறையாகப் பேனாவை மூடினார்.
தெரியவில்லை, என்றார்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

வீட்டில் டப்பாவின்மேல் சீட்டு ஒட்டினேன்.
தேதி. இடம்: இடது இடுப்பு.
கண்டது: பொருத்தில் அரிப்பு; வெளிமுகம் குறையில்லை.
பரிந்துரை என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
லோகாம்பாள் ஊன்றுகோலை நீட்டினாள்.
"எழுதினது போதும்.
கேட் வரைக்கும் நடங்க."