பன்னிரண்டாவது

பதினொன்று என்கிறது விலைப்பட்டியல்.
உலகத்தில் மொத்தமே பதினொன்று.
ஜேபஸ் ஹிண்ட்மூர், இரும்புக் கடை, டனீடின், 1862.
முன்பக்கம் பட்டறைக்கல்லும் சம்மட்டியும்,
பின்பக்கம் பெயர்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

அரசாங்கத்துக்கே சில்லறை தட்டிய காலம்.
ஒட்டாகோவில் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்,
ஆணி வாங்கினால்
மீதி கொடுக்கச் செம்பு இல்லை.
கடைக்காரர்கள் தாங்களே காசடித்துக்கொண்டார்கள்:
அரசியின் தலை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தொப்பி, ஒரு தேநீர்ப் பெட்டி,
ஓர் ஆட்டுத்தொடை.

ஹிண்ட்மூரும் பர்மிங்காமுக்கு எழுதினார்.
கடிதம் போக நாலு மாதம்,
பீப்பாய் வர ஐந்து.
பீப்பாய் துறைமுகத்தில் இறங்கிய வாரம்
கடைக் கதவில் ஏல நோட்டீஸ்.

ஆறாயிரம் காசும் எடைக்குப் போயின.
உருக்கிப் படகுக்கு ஆணி அடித்தார்கள் என்று கேள்வி.
தப்பிய பதினொன்றும் நேற்று அச்சடித்ததுபோல் இருக்கின்றன;
பிழையான அந்த எழுத்தின் விளிம்புகூட மழுங்கவில்லை.
எங்கும் செல்லவில்லை, அதனால் தேயவில்லை.
செல்லாக்காசாய்க் கிடந்த ஒரே புண்ணியத்தில்
இன்று ஒவ்வொன்றும் என் மூன்று மாதச் சம்பளம்.

நான் இன்வர்கார்கில்லில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
முப்பத்திரண்டு பிள்ளைகள், பதினேழு நிறுத்தங்கள்,
வாரக் கடைசியில் பழஞ்சாமான் விற்பனைகள்.
கோர் ஊரில், இறந்துபோன திருமதி லாக்ரியின் கராஜில்,
ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள்.
நாலு டாலர்.
பொத்தானுக்காக வாங்கவில்லை.
குலுக்கியபோது அடியில் ஏதோ
பொத்தானைவிடக் கனமாகச் சத்தம் போட்டது.

காருக்குள் உட்கார்ந்து
மடியில் துண்டு விரித்துக் கொட்டினேன்.
கண்ணாடியில் உறைபனி, விரல் மரத்திருந்தது.
சம்மட்டி போய்விட்டிருந்தது.
பட்டறைக்கல், வெளிச்சத்துக்குச் சாய்த்தால் மட்டும், ஒரு நிழல்.
பின்பக்கம் ஏறக்குறைய மொட்டை.
நகத்தால் தடவித் தடவித்தான்
அந்தத் தப்பான எழுத்தைக் கண்டுபிடித்தேன்.
சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
பக்கத்தில் நின்ற நாய் திரும்பிப் பார்த்தது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து லயனல் ஆஸ்ப்ரே பேசினார்.
பட்டியல் அவருடையது, பதினொன்றில் மூன்றும் அவருடையவை.
"பன்னிரண்டாவது, வாழ்த்துகள்" என்றார்.
"ஆனால் தரம் மோசம், நோலா. மிக மோசம்.
பாவம், யாரோ பாழாக்கிவிட்டார்கள்."

என் ஸ்டியரிங்கில் இடது கை பிடிக்கும் இடம்
வழவழப்பாக ஒன்பது வருடம் ஆனது.
அது தோல்.
இது செம்பு.

யார் வாங்கியது இதை?
கடை மூடியது ஊருக்கே தெரியும்;
திருப்பிக் கொடுத்தால்
ஓர் ஆணிகூடக் கிடைக்காது.
தெரிந்தே ஒரு ரொட்டிக்காரி வாங்கியிருக்கிறாள்.
தெரிந்தே ஓடக்காரன் ஒருவன் அவளிடம் கொடுத்திருக்கிறான்.
வாக்குக் கொடுத்தவன் ஓடிப்போன பிறகும்
அவன் வாக்கை
ஊர் கைமாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அல்லது அப்படி எதுவுமே இல்லை.
ஒரே ஒருவன், ஒரே சட்டைப்பை,
நாற்பது வருடம் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தவன்.
அவன் ஹிண்ட்மூராகவே இருக்கலாம்.
லாக்ரி வீட்டுப் பிள்ளைகள்
சிமென்ட்டுத் தரையில் உருட்டி விளையாடியிருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
ஆஸ்ப்ரேக்கும் தெரியாது,
அவர் தெரிந்தவர் மாதிரி இருமுவார், அவ்வளவுதான்.

இரண்டு அங்குல அட்டைச் சட்டத்தில்
நாலு வரி எழுதவேண்டும்: பெயர், ஊர், ஆண்டு, தரம்.
மூன்றை எழுதிவிட்டு
வெந்நீர் போட்டேன், குடித்தேன், பென்சிலைச் சீவினேன்.
'மோசம்' வரவேண்டிய இடத்தில்
'சென்றது' என்று எழுதினேன்.

ஸ்டேப்ளரில் முள் தீர்ந்திருந்தது.
ஞாயிறு முழுக்க
சட்டம் திறந்தபடி மேசையில் கிடந்தது.
போகும்போதும் வரும்போதும்
எடுத்து எடுத்துப் பார்த்தேன்,
இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.