ஆவணம் ஏழு

வக்கீல் சாமிதாஸ் படங்களைச்
சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார்.
“ஆளுகளைப் பாக்காதீயும் வே.
ஆளுகளுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரும்.”

அன்றுவரை ஆளுகளைத்தான் பார்த்திருந்தோம்.

வண்ணார்பேட்டையில் ரோட்டை அகலப்படுத்தக்
கல் நட்டுப் போயிருந்தார்கள்.
அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில்
முன்பக்கம் நாலடி புறம்போக்கு என்றது நோட்டீஸ்.
பத்திரமோ, எல்லையை
“சர்க்கார் ரஸ்தா மைல்கல்லுக்கு மேற்கு”
என்று சொல்லி முடித்துக்கொண்டது.
அந்த மைல்கல்லை
எந்த வருசத்துத் தார் விழுங்கியதோ.

அப்பா இல்லை. படங்கள் இருந்தன.
ஆக்ஃபா பெட்டி, ரோலுக்குப் பன்னிரண்டு.
வெயில் முதுகில் விழும்படி நின்று எடு என்று
யாரோ சொன்ன ஒரே பாடத்தைக்
கடைசிவரை அவர் மீறவில்லை.
அதனால் எல்லாப் படத்தின் அடியிலும்
முழங்கை இரண்டும் விரிந்து
காது முளைத்த தூண்போல
அவர் நிழல் வந்து நிற்கிறது.

ஈரடுக்குப் பாலத்தின் மேல்தட்டில்
சித்தப்பா தேவசகாயம், புது ஹெர்குலிஸோடு.
பாலமும் புதுசு. சித்தப்பாவின் மீசையும் புதுசு.
“கடை தெரியல” என்று ஒதுக்கினார் வக்கீல்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வடிந்த மறுநாள்.
சேற்றுக்கு மேலே கைப்பிடிகள் மட்டும்,
படுத்துக் கிடக்கும் மாடுகளின் கொம்புகளாக.
அம்மா குனிந்து ஒரு பெல்லை அடித்துப் பார்க்கிறாள்.
சத்தம் வந்ததா, தெரியாது.
“தேதி பிந்திப் போச்சு.”

கடை வாசலில் கல்யாணக் கூட்டம், இருபத்து மூன்று பேர்.
மாப்பிள்ளை காதுக்கும் மச்சினன் காதுக்கும் நடுவே
ஒரு சாண் சுவர்.
அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும்
அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

பிறகு ஏழாவது.
ரஞ்சிதபாய் அத்தை,
டீச்சர் டிரெய்னிங் முடித்த வாரம்,
மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
பின்னால் கடை, கதவு, போர்டு, எல்லாம் துல்லியம்.
கல்லில் இருந்த எழுத்தைச் சேலை மூடியிருக்கிறது.
மடிப்பு விலகிய இடத்தில் ஒரே ஒரு ‘பா’.

பாளையங்கோட்டை என்றோம் நாங்கள்.
பாபநாசமாக ஏன் இருக்கக் கூடாது என்றது
சர்க்கார் தரப்பு.
அது எந்த ரோட்டுக் கல்லோ,
அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்ததோ.

எழுபத்தெட்டு வயசில் அத்தை கோர்ட்டுக்கு வந்தாள்.
“கல்லுல என்னம்மா எழுதியிருந்தது?”
“மேல உக்காந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?
சுட்டுது. அது நல்லா ஞாபகம் இருக்கு.”
ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டைப் அடித்தார்.
“ஏன் அங்க போயி உக்காந்தீங்க?”
“அண்ணன் கடையை மட்டுந்தான் எடுக்கணும்னான்.
செவத்துக்கு எதுக்கு பிலிமு,
அது எங்க ஓடிப் போவப் போவுது,
என்னை எடுன்னேன்.”

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

நாலடியில் ரெண்டடிக்குப் பணம் வந்தது.
கடை முழுசாகப் போனது.
படங்கள் திரும்பி வந்தன,
முதுகில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரையும் நம்பருமாக.
ஏழு மட்டும் வரவில்லை. அப்பீலுக்குப் போன கட்டோடு
மதுரைக்குப் போய்விட்டது என்றார்கள்.
அங்கே ஏதோ ஒரு ரேக்கில்
அத்தை இன்னும் சூட்டைப் பொறுத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறாள்,
காலடியில் அப்பாவின் நிழலோடு.

போன வாரம் அதே இடத்தில் சிக்னல்.
நாற்பது விநாடி சிவப்பு.
நான் நிற்பது கடைக்கு உள்ளேயா வெளியேயா என்று
கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

ராத்திரி அத்தை போன் செய்தாள்.
“படம் வந்துட்டால?”
“இல்லத்தே.”
“வந்தா பின்னால எழுதி வை.
கருப்பு வெள்ளையில தெரியாது.
அந்தச் சேலை அரக்குக் கலரு.”