கம்பத்தின் இலக்கம்

கான் மூடி காணாமல் போனது ஒரு செவ்வாய் இரவு.
விடியும்போது குழிக்குள் ஒரு முருங்கைக் கொப்பு நின்றது,
நுனியில் சிவப்புச் சொப்பின் பை கட்டி.
அவ்வளவுதான் எங்கள் ஒழுங்கையின் முதலுதவி.

கொட்டாஞ்சேனையில்
இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால்
ஒன்று யாரோ வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டிய அகலம்.

மாநகர சபைக்கு எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன். நெடுநேரம் ஒரு புல்லாங்குழல்.
பிறகு சிங்களத்தில் ஒருவர், பாவம், நல்ல மனிதர்:
மழைக்கானா, மலக்கானா, மிஸ்?
பார்த்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போய்
குனிந்து பார்த்தேன்.
மணந்தும் பார்த்தேன்.
இரண்டும் இல்லை. வயர்கள்.

வயர் எங்களுடையது, குழி எங்களுடையதல்ல
என்றது தொலைபேசிக் கம்பனி.
குழி தோண்டியது தண்ணீர்ச் சபையாம்.
தண்ணீர்ச் சபை கேட்டது:
அது வீதியா, ஒழுங்கையா, மாவத்தையா?
பெயர்ப் பலகையைப் போய்ப் பார்த்தேன்.
மூன்று மொழியில் மூன்றும் இருந்தது.

கிராம சேவகர் கந்தோர்க் கதவில்
செவ்வாய், வியாழன் என்று எழுதியிருந்தது.
நான் போனது வியாழன்.
வேறு கடமைக்குப் போயிருக்கிறார் என்றது
கதவுக்கு முன்னால் படுத்திருந்த நாயைத் தவிர
மற்ற எல்லாரும்.

அன்று பின்னேரம் மூன்றாம் மாடி றிஸ்மியா
கேக் கலக்கிய கையோடு
அலுமாரிக் கதவைத் திறந்து காட்டினாள்.
உட்பக்கம் முழுக்க இலக்கங்கள்.
பேனையில், பென்சிலில், அவசரத்தில் கண் மையில்.

நுளம்பு: பி.எச்.ஐ. மாறிவிட்டார், புதியவர் கோபக்காரர்.
குப்பை: டிரைவருக்கு எடுக்காதே,
பின்னால் தொங்கும் அன்ரனிதாசனுக்கு எடு.
லைட்: கம்பத்தில் உள்ள இலக்கம் சொல்லாவிட்டால்
காது கொடுக்க மாட்டார்கள்.
பாம்பு என்று ஒன்று. பாம்பு? கேட்டேன்.
ஒருமுறை வந்தது, என்றாள்.
கீழே ஒரு பெயர், பம்ப் வீட்டு நந்தசேன,
பக்கத்தில் சின்னதாய் ஒரு சிலுவை.
வெள்ளத்தன்று இரவு ரெண்டு மணிக்கும் எடுத்த மனுஷன்.
அழிக்கக் கை வரல்ல.

கான் மூடிக்கு விரல் வைத்தாள்:
குசலானி, நாலாம் மேசை.
பகல் சாப்பாட்டுக்கு முன்னே எடு.
மகளுடைய சோதனையை முதல் கேள்.

கேட்டேன். கணக்குப் போய்விட்டதாம்.
இருபது நிமிடம் கணக்கைப் பற்றியே கதைத்தோம்,
எனக்கும் அது போனதுதான்,
வைக்கப் போகிற நேரத்தில்
ஆ, இன்னொன்று, என்று மூடியைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மூடி வந்தது.
ஒரு விரற்கடை சிறியது.
ஓட்டோ ஏறினால் டொங் என்கிறது.
இப்போது படுத்தபடியே எனக்குத் தெரியும்
யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள்.

இரண்டு மாதம் இருக்கும்.
இரவு பதினொன்று தாண்டி ஒரு புது இலக்கம்.
கான் மூடி அக்காவா?
ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்து யாரோ பையன்.
எங்கட லேனில் லைட் எரியுதில்ல அக்கா,
தங்கச்சி டியூட்டி முடிஞ்சு வாறவ.
என் இலக்கம் எந்தக் கடையில்,
எந்த அலுமாரிக் கதவில் ஏறியதோ.
பிழையான இலக்கம், தம்பி, என்று சொல்லத்தான்
வாய் திறந்தேன்.

கம்பத்தில் ஒரு இலக்கம் இருக்கும், சொல்லுங்க.

செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு கேற்.
மூச்சு.
லைனிலேயே இருங்க அக்கா,
போஸ்டர் ஒட்டியிருக்கிறாங்க,
உரிச்சுப் பார்க்கிறேன்.