கொடுங்கையூர், இரவு ஷிப்ட்

மணி இரண்டே கால்.
மூன்றாம் தொட்டியில்
ஒரு லிட்டர் அள்ளிவந்து
கண்ணாடி உருளையில் ஊற்றி
மேஜைமேல் வைக்கிறேன்.
இனி அரை மணி நேரம்
தொடக் கூடாது, ஆட்டக் கூடாது.
பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

சுக்குக் காப்பி நிறம்.
உள்ளே இருப்பதை
நுண்ணுயிர் என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன்.
பூச்சி என்பார் தணிகாசலம்.
பூச்சிக்குப் பசித்தால் நல்லது,
மூச்சு முட்டினால் நாம காலி என்பார்,
புளோயரின் இரைச்சலுக்கு மேல் கத்தி.

எங்களுக்கும் ஊரைத் தெரியும்,
பின்வாசல் வழியாக.
நோன்பு மாதத்தில் மூன்று மணிக்கே
வரத்து மீட்டரின் முள் எழுந்துவிடும்.
போகிக்கு முந்தைய நாள் தண்ணீரெல்லாம் சுண்ணாம்பு.
ஃபைனல் மேட்ச் அன்று
கடைசி ஓவர்வரை முள் படுத்தே கிடக்கும்,
பிறகு வியாசர்பாடியும் எருக்கஞ்சேரியும்
சேர்ந்தாற்போல் கக்கூஸுக்கு எழுந்து போகும்.
சல்லடைக் கம்பியில்
தலைமுடி, பால் கவர், ஒற்றைக் கொலுசு,
ஒரு தடவை பள்ளி அடையாள அட்டை:
ஸ்டெஃபி ரோஸ்லின், ஆறாம் வகுப்பு, பி பிரிவு.
கழுவி ஜன்னலில் மாட்டியிருக்கிறோம்.
யாரும் கேட்டு வரவில்லை.

பத்து நிமிடம்.
திரிதிரியாய்ச் சேர்ந்து இறங்கத் தொடங்குகிறது.
மேலே ஒரு விரலளவு தெளிவு.

கரண்ட் போனது.

புளோயர் நின்றதும் வருகிற அமைதி
நல்ல அமைதி இல்லை.
தொட்டியில் குமிழ்கள் ஒவ்வொன்றாக அணைவது
இங்கேயே கேட்கும்.
ஜெனரேட்டரை நோக்கி ஓடும் செருப்புச் சத்தம்.
மூன்று முறை இருமிவிட்டு
அது பிடித்துக்கொள்கிறது.
செல்போன் வெளிச்சத்தில் உருளையைப் பார்க்கிறேன்.
அதற்குக் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது,
இறங்கிக்கொண்டிருக்கிறது.

முப்பது நிமிடம்.
வண்டல் நிற்கும் கோடு: இருநூற்று எண்பது.
நல்ல எண். எழுதுகிறேன்.

விடிந்து, வீட்டுக்குப் போகும் முன்
வெளியேறும் குழாய்வரை ஒரு நடை போவேன்.
அள்ளினால் கைரேகை தெரியும் தண்ணீர்.
குடிக்க மாட்டேன்,
முகம் கழுவுவேன்.
நூறடி தள்ளி
எந்தக் கணக்கிலும் இல்லாத சாக்கடை ஒன்று
கரும்பச்சையாய் வந்து விழுகிறது கால்வாயில்.
கொஞ்ச தூரம் இரண்டும்
பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் மாதிரி
பக்கத்தில் பக்கத்தில் போகும்.
பாலம் தாண்டினால் ஒரே நிறம்.

கொசஸ்தலை கடலைத் தொடும் இடத்திலிருந்து
மாதம் ஒருமுறை தேசப்பன் வருவார்
பிளாஸ்டிக் பையில் நாலு இறாலோடு.
சத்தம் போட மாட்டார்.
மூக்கருகே நீட்டுவார். மண்ணெண்ணெய் வாடை.
"ஒங்க தண்ணி ஓகேதானே?"
ஓகே.
"அப்ப இது யாருது?"

நோட்டைத் திறந்து காட்டினேன்.
பி.ஓ.டி., குளோரின், முப்பது நிமிடக் கணக்கு.
ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து
கடைசிவரை போனார்.
"எறாலுக்குக் கட்டம் இல்லியா?"

அன்று இரவு ஸ்கேல் வைத்து
ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு: தே. இறால்.
மேலிடம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
மாசி: வாடை.
பங்குனி: வாடை.
சித்திரை: குறைவு,
பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
இந்த மாதம் அவர் இன்னும் வரவில்லை.

உருளையைக் கழுவிக் கவிழ்க்கிறேன்.
தணிகாசலம் கையெல்லாம் டீசலோடு
டீக்குக் கூப்பிடுகிறார்.
மணி மூன்று.
நோன்பு மாதம்.
முள் எழுகிறது.