குறைத்துச் சொல்லும் பெட்டி

சவர்க்காரக் கட்டி அளவுதான். கறுப்பு.
இரண்டு வயர், ஒரு திருகு,
திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள்.
தனசீலன் தபாலில் வரவழைத்தது.
நானூற்று எண்பது வெள்ளி,
அடுப்புக்கு கேஸ் தீர்ந்திருந்த வாரத்தில்.

பீடோர் பசாருக்குப் பின்னால்
ஆ ஹோய் பட்டறையில் பானெட்டைத் திறந்தார்கள்.
மாட்டுவதற்கு முன் ஆ ஹோய்
ஒரே ஒரு கேள்வி கேட்டான், நல்ல தமிழில்:
"கிளச் புதுசா?"
இல்லை.
"அப்ப மெதுவா ஆசைப்படுங்க."

பெட்டியின் வேலை இவ்வளவுதான்.
டீசல் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று
சென்சார் சொல்லப் போவதை வழியில் மறித்து
கொஞ்சம் குறைத்துச் சொல்லும்.
காரின் மூளை நம்பிவிடும்.
போதவில்லையே என்று பதறி
இன்னும் அழுத்தும்.
இருபத்தைந்து குதிரைகள் கூடுதல்
என்று அட்டையில் போட்டிருந்தது.
இருபத்தைந்தும் ஒரு பொய்யைத் தின்று ஓடுகிறவை.

முதல் நாள், தெலுக் இந்தான் சாலை.
குலை ஏற்றிய லோரியை
மூன்றாம் கியரிலேயே தாண்டினேன்.
சீட்டு முதுகைப் பிடித்துத் தள்ளியது.
கண்ணாடியில் கறுப்புப் புகை, பின்னால் ஹாரன்.
நாற்பத்து நான்கு வயதில்
கதவை ஏற்றிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயாம்.
இருக்கட்டும். நான் எடை போட்டு அனுப்பிய குலை ஏதோ ஒன்று
என்னையே ஏற்றிக்கொண்டு பறக்கிறது.
மில்லில் எனக்கு எடைமேடை வேலை.
லோரி ஏறி நின்றபின்
எண் ஆடி அடங்கும்வரை காத்திருப்பேன்.
பத்து கிலோ கூட்டியதில்லை, குறைத்ததில்லை,
பத்தொன்பது வருஷமாக.

அந்தப் பெட்டியோடு குடித்தனம் இப்படி:
மழைக் காலையில் மஞ்சள் விளக்கு எரியும்.
அணைத்து, பத்து எண்ணி, மறுபடி சாவி.
சர்வீஸுக்கு முதல் நாள் கழற்றி
பிஸ்கட் டின்னில் ஒளிக்க வேண்டும்.
இன்சூரன்ஸ் பாரத்தில் 'மாற்றங்கள்' என்ற கட்டம் வரும்.
பேனா கொஞ்சம் நின்று, 'இல்லை' என்று எழுதும்.
"என்ன வேகத்துல வந்தே?"
"எழுபதுதான்."

பிறகு, மில் மேட்டில் ஒரு நாள்
இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை.
ஒரே ஒரு நொடி. கருகிய வாடை.

அந்த நொடியை எனக்கு முன்பே தெரியும்.
என்சிக் ரஷிடி கேட்பார்,
இரவு ஷிப்டும் பார்த்துக்கொள்கிறாயா?
முடியும் என்பேன்.
நாத்தனார் கேட்பாள்,
மகள் படிப்பு முடியும்வரை உங்களோடு இருக்கட்டுமா?
இருக்கட்டும்.
கிளினிக்கில் தாதி கையில் பட்டை கட்டிக் காற்றடித்து
"நூற்று அறுபத்தெட்டு" என்றாள்,
இரண்டாம் முறையும் அடித்துப் பார்த்து.
வீட்டில் கேட்டதற்கு நூற்று முப்பது என்றேன்.
தனசீலன் நம்பினான்.
நம்பி, சனிக்கிழமை சாப்பாட்டுக்கு
பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டான்.

பதினெட்டுப் பேரும் போன மறுநாள்
திருப்புளியோடு பானெட்டைத் திறந்தேன்.
ஐந்தில் இருப்பதை இரண்டுக்கு இறக்கலாம் என்று.
திருகு ஒன்றில் இருந்தது.
யார் திருப்பியது என்று கேட்கத் தேவையில்லை.
எப்போது என்றுதான் தெரியவில்லை.
திருகின் பள்ளத்தில் தூசி
நன்றாகவே படிந்திருந்தது.
அப்படியென்றால் போன மாதம்
சைரன் வைத்த ஜீப்பையே தாண்டினேனே,
அது எந்த எண்ணில்?

தொடாமல் மூடினேன்.
கை கழுவினேன்; டீசல் வாடை நகத்தில் நின்றது.

இரவு சோறு போடும்போது
"நூற்று அறுபத்தெட்டு" என்றேன்.

தட்டிலிருந்து நிமிராமல் கேட்டான்:
"எங்க, தெலுக் இந்தான் ரோட்டுலயா?"