அரை டேங்கர்

நிறைந்த டேங்கர் சொன்ன பேச்சு கேட்கும்.
காலி டேங்கருக்குப் பேச்சே கிடையாது.
பாதி நிறைந்ததுதான் ஆளைக் கொல்லும்.

உள்ளே தடுப்பு வைக்க மாட்டார்கள்,
மூலையில் ஆடை தங்கிப் புளித்துவிடும் என்று.
அதனால் பிரேக்கை மிதித்தால்
வண்டி நிற்கும்,
பால் நிற்காது.
ஒரு மூச்சு கழித்து வந்து
முதுகில் இடிக்கும்.

பங்குனி. பர்கூர்ப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு இல்லை.
குளிரூட்டும் நிலையத்தில் அளவுகோலை இறக்கிப் பார்த்து
ஆறாயிரத்து இருநூறு என்று எழுதினாள் பிலோமினா.
நாலு டிகிரி. கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
மூடிக்கு ஈயச் சீல் போட்டு
கம்பியின் வாலை நறுக்கிவிட்டு
"தொப்பூர்ல பாத்துப் போங்கண்ணா" என்றாள்.
தினமும் சொல்கிறவள் இல்லை.

காரிமங்கலம் வரை சாதுவாக வந்தது.
டோல்கேட்டில் ஒருமுறை இடித்துக் காட்டியது.
கட்டமேட்டு இறக்கத்தில்
இரண்டாவது கியரில், வேர்த்த கையோடு,
அலைக்கு முன்னால் ஓர் அலையாக இறங்கினேன்.

இரட்டைப் பாலத்துக்கு மேலே எல்லாமே நின்றிருந்தன.
கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று குப்புறக் கிடந்தது.
டிரைவரை எடுத்துவிட்டார்கள் என்றார்கள்.
உயிரோடா என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம். அப்புறம் இன்னொன்று.
தூரத்தில் பெங்களூர் ரயில்
யாரையும் எதுவும் கேட்காமல் போனது.
கிளீனர் மாதேசன் டேங்கரின் வயிற்றில்
கை வைத்து வைத்துப் பார்த்தான்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல.

பின்னால் நின்ற மதுரை பஸ்ஸிலிருந்து
ஒருத்தி இறங்கி வந்தாள்.
இடுப்பில் குழந்தை, கையில் காலி பாட்டில்.
வண்டியில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்த
அந்த ஒரே சொல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அம்பது மில்லி இருந்தாப் போதும்ணே."

சீல் கம்பியைக் காட்டினேன்.
இதை அறுத்தால் உள்ளே இருப்பது மொத்தமும்
திருட்டுப் பால் ஆகிவிடும் என்றேன்.
காய்ச்சாத பால் குழந்தைக்கு ஆகாது என்றும் சொன்னேன்.
இரண்டும் உண்மை.
இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு டீக்காரன் வந்தான்.
பால் தீர்ந்துபோச்சு, வெறும் டீதான் என்றான்.
வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சேலத்தில் எட்டு டிகிரி.
சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி
தீயின் மேல் பிடித்தார்கள்.
திரியுமா என்று ஆறு பேர் பார்த்தோம்.
திரியவில்லை.
மாதிரி எடுத்த பாட்டிலில் மீதி இருந்ததைத்
தொட்டியில் கவிழ்த்துவிட்டுக்
கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
அம்பது மில்லி இருக்கும்.

காலி வண்டி கனவாயில் ஏறும்போது
இறகுபோல் இருந்தது.
அந்த இடத்தில் கண்ணாடித் தூளும்
கரிய எண்ணெயும்தான்.

இப்போது கிருஷ்ணகிரியில், வீட்டில், படுத்துவிட்டேன்.
மின்விசிறியைக்கூட நிறுத்தியாயிற்று.
கட்டில் நின்றுவிட்டது.
பின்னால் வருவது
இன்னும் வந்து சேரவில்லை.