முப்பத்தேழாம் கொக்கி

ரீகாவில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
நூறு உறுப்பினர்கள், நூறு கொக்கிகள்,
நூறு பித்தளை வில்லைகள் என் பொறுப்பில்.
மேலே அவையில் பேசுவது
படியிறங்கி வருவதற்குள் வெறும் இரைச்சலாகிவிடும்.
மேல்கோட்டுகள் அப்படியில்லை:
ஈரக் கம்பளி, பாச்சை உருண்டை வாசம்,
யாரோ ஒருவர் பையில் எப்போதும் கம்பு ரொட்டி.

முப்பத்தேழில் ஒட்டக நிறக் கோட்டு தொங்கியது.
அதற்குரியவர் அமைச்சரானார்.
அமைச்சராக இருக்கும்வரை
நாற்காலி பட்டியலில் அடுத்த பெயருக்கு.
அடுத்த பெயர் மைரிதா ஸ்குயா,
பல்வியில் மாட்டு வைத்தியர்.
பச்சைப் பஞ்சுச் சட்டை,
ஜிப் அறுந்த இடத்தில் ஊக்கு.
"கைமாற்றுதான்" என்றார் முதல் நாள்,
வில்லையை விரலில் திருப்பியபடி.

யோசித்தால் எல்லாமே கைமாற்றுதான்.
ஊர் இந்த நூறு பேருக்குக் கொடுக்கிறது.
நூறு பேர் ஆற்றங்கரைக் கோட்டையில் ஒருவரை அமர்த்துகிறார்கள்.
அவர் ஒருவரைக் கைகாட்ட,
கைகாட்டப்பட்டவர் திரும்பவும்
இந்த நூறு பேரிடமே வந்து நிற்கிறார்.
வட்டி யார் கட்டுகிறார்கள் என்பது
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பல்வி மருத்துவமனையில்
பிரசவ வார்டை மூடினார்கள், செப்டம்பரில்.
நவம்பரில் ஒரு வியாழன், நம்பிக்கையில்லாத் தீர்மானம்.
ஐம்பத்தொன்று வேண்டும்.
ஐம்பத்தொன்று விழுந்தது.

"நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிவிட்டார்"
என்றார் வாசல் காவலர் உல்டிஸ்.
நான் எதுவும் கேட்கவில்லை.
சட்டையை நீட்டினேன்.
கை நடுங்காமல் ஊக்கை மாட்டிக்கொண்டார்.

விழுந்த அரசு உடனே போய்விடுவதில்லை.
புதியது அமையும்வரை அதுவேதான் கையெழுத்துப் போடும்.
ஐந்து வாரம் பேரம் நடந்தது.
ஐந்து வாரமும் மைரிதா வந்தார்,
உணவுக்கூடத்தில் தனியாக பீட்ரூட் சூப் குடித்தார்,
எனக்கு மட்டும் வணக்கம் சொன்னார்.

பிறகு ஒரு காலை
ஒட்டக நிறக் கோட்டு திரும்பி வந்தது.
ஆள் கொஞ்சம் பெருத்திருந்தார்.
"அதே கொக்கிதானே?"
அதே கொக்கிதான்.
அடியில் ஒரு வைக்கோல் துண்டு கிடந்தது, எடுத்துப் போட்டேன்.
பித்தளை வில்லைதான் இல்லை.
பல்வி போகும் பேருந்தில்
ஒரு பச்சைச் சட்டையின் பைக்குள்
அது போய்ச் சேர்ந்திருக்கும்.
மறந்தாரா, வேண்டுமென்றா, தெரியாது.

பதிவேட்டில் "தொலைந்தது" என்று எழுதினேன்.
முன்னாள் அமைச்சருக்கு
காகிதத்தில் முப்பத்தேழு என்று எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.